கேபிள் காசும் கட்டி, வீட்டு விவரமும் தர வேண்டுமா?

கேபிளுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டால் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். பணத்தோடு சேர்த்து வேறு என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். செல்பேசி எண், ஆதார் ஜெராக்ஸ், வீட்டு முகவரி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இணையத்தோடு இணைந்த டிவி என்றால், எந்நேரம் எதைப் பார்க்கிறோம் என்ற கணக்கும் வீட்டை விட்டு வெளியே போகிறது. கேபிள் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் எடுத்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டண உயர்வைப் பற்றி ஊரெல்லாம் முணுமுணுக்கிறோம். விவரம் போவதைப் பற்றியும் அதே சத்தத்தில் கேட்டாக வேண்டும்.

கரிசல் காட்டில் ஒரு மாதக் கணக்கு

இளையரசனேந்தல், கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கும் கரிசல் ஊர். பழைய ஜமீன் ஊர். மழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மல்லி விதைக்கும் பூமி. மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ், கட்டட வேலை, நூறு நாள் வேலை என்று குடும்பங்கள் ஓடும். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் டிவிதான் பொழுதுபோக்கு. சினிமாக் கொட்டகைக்குப் போவதென்றால் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் கேபிள் கட்டணம் சின்ன விஷயமாக இருக்க முடியாது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மறுபடி தொடங்கப்பட்டபோது மாதம் 70 ரூபாய். 2019 பிப்ரவரியில் ட்ராயின் புதிய முறை வந்தபோது நூறு சேனலுக்கு 130 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வரி, ஆக 153 ரூபாய் 40 காசு என்று கணக்குச் சொன்னார்கள். கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. பேக்கில் சேர்க்கக்கூடிய ஒரு சேனலின் உச்ச விலை 19 ரூபாய். அதற்கும் வரி உண்டு. சீரியலுக்கு இரண்டு சேனல், படத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று சேர்த்தால் 200 ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தொட்டுவிடும்.

மாதம் 200 என்றால் வருடத்துக்கு 2,400. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26க்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஏழு நாள் முழுசாக மண்வெட்டி பிடித்த கூலி டிவிக்குப் போகிறது. அறிவித்த கூலி அப்படியே கைக்கு வருவதில்லை என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே ஏழு நாள் என்பதும் குறைத்துச் சொன்ன கணக்குதான்.

"போன மாசம் எரநூறுன்னியே எய்யா, இப்ப எரநூத்தி முப்பதுங்குற?" என்று பெரியம்மாக்கள் கேட்பதும், "மேல கூட்டிட்டாங்க பெரியம்மா, நான் என்ன பண்ணட்டும்" என்று கேபிள்காரர் சொல்வதும் எல்லா ஊர்த் தெருக்களிலும் நடக்கும் பேச்சு. கேபிள்காரர் சொல்வதில் பொய் இல்லை. சேனல் விலையை அவர் வைப்பதில்லை. வீட்டுக்கு வீடு செல்பேசியிலேயே படம் பார்க்கத் தொடங்கிய பிறகு அவருடைய இணைப்புகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அவரைத் திட்டுவதால் ஒரு ரூபாயும் குறையப் போவதில்லை. யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ரசீதில் தெரிந்தால் பாதிச் சண்டை இருக்காது. அந்த ரசீதுதான் பெரும்பாலான வீடுகளுக்கு வருவதில்லை.

லைசென்ஸ் இருந்த காலம்

இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் ஞாபகம் இருக்கும். 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டமும் சொன்னபடி, வீட்டில் ரேடியோவோ டிவியோ வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும். தபால் ஆபீசில் போய் ரேடியோவுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கென்று ஒரு சிறு புத்தகம் இருந்தது. 1980களின் நடுவில் அந்த ஏற்பாட்டை மத்திய அரசு கைவிட்டது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சோதனைக்கு வருகிறார்கள் என்றால் ரேடியோவை மறைத்து வைத்த வீடுகள் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தது பெயரும் முகவரியும், இந்த வீட்டில் ஒரு ரேடியோ உண்டு என்ற தகவலும்தான். இலங்கை வானொலி கேட்டீர்களா, செய்தி கேட்டீர்களா, எத்தனை மணிக்கு அணைத்தீர்கள் என்று தபால்காரருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார்.

அதற்கப்புறம் பஞ்சாயத்து டிவி வந்தது. ஊரே மொத்தமாக உட்கார்ந்து ஒளியும் ஒலியும் பார்த்த காலத்தில், பார்ப்பது பொது, கட்டணம் பஞ்சாயத்து. 2006ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் கொடுக்கப்பட்டன. பஞ்சாயத்து டிவி அறைகள் பூட்டப்பட்டன. பார்ப்பது வீட்டுக்குள் போனது. பெண்கள் பிடித்ததைப் பிடித்த நேரத்தில் பார்க்க முடிந்தது. அதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். ஊர்க் கண்ணுக்கு எட்டாமல் ஒரு வீடு தன் இஷ்டத்துக்குப் பொழுதைக் கழிப்பதற்குப் பெயர்தான் அந்தரங்கம். கரிசல் காட்டுப் பெண்களுக்கு அது கிடைத்தே இருபது வருடம்தான் ஆகிறது.

எந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்?

இந்த இடத்தில் பயமுறுத்தாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். சாதாரண கேபிள் பெட்டி நம்மை வேவு பார்ப்பதில்லை. அதற்குக் காது உண்டு, வாய் கிடையாது. கம்பி வழியாக வருவதை வாங்கித் திரையில் காட்டும். திருப்பி அனுப்பும் வசதி பெரும்பாலான பழைய பெட்டிகளில் இல்லை. கூரையில் வைக்கும் டிஷ்ஷும் இணையம் இணைக்காதவரை அப்படியே.

ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் இருக்கிறது. 2011ல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, எல்லா இணைப்பும் டிஜிட்டலாக வேண்டும் என்று ஆக்கியபோது வந்தது இது. 2017 மார்ச் கடைசிக்குள் கிராமங்கள் வரை டிஜிட்டலாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அந்த எண்ணோடு நம் பெயர், முகவரி, செல்பேசி எண், தேர்ந்தெடுத்த பேக் எல்லாம் நிறுவனத்தின் கணினியில் சேர்ந்திருக்கும். பணம் கட்டவில்லையென்றால் எங்கோ இருந்துகொண்டு இந்த ஒரு வீட்டுப் பெட்டியை மட்டும் நிறுத்த முடியும்.

நிறுத்தும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தமிழ்நாடு ஒருமுறை பார்த்தது. 2022 நவம்பரில் அரசு கேபிளின் லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே சமயத்தில் முடங்கின. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறே காரணம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. காசு கட்டிய குடும்பங்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நிறுவனத்தால் அத்தனை வீட்டுப் பெட்டியையும் அணைக்க முடிகிறது என்றால், அந்த வீடுகளின் விவரப் பட்டியலும் எத்தனை கைகளில் இருக்கும் என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. எல்லோரும் சீரியல் எப்போது வரும் என்றே கேட்டோம்.

ஸ்மார்ட் டிவியும், இணையத்தோடு வேலை செய்யும் ஆண்ட்ராய்டு பெட்டியும் வேறு ஜாதி. அவை பேசும். அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் ஓடுவதை நொடிக்கு நொடி குறித்துவைத்து, பார்ப்பவர்களிடம் ஒழுங்காகச் சொல்லாமலேயே அந்தக் கணக்கை விற்றது. 2017ல் 22 லட்சம் டாலர் கட்டி அது தொடர்பான வழக்கை முடித்துக்கொண்டது. திரையில் ஓடுவது கேபிளா, யூடியூபா, பென்டிரைவில் இருக்கும் கல்யாண வீடியோவா என்ற பேதம் இந்த வகைத் தொழில்நுட்பத்துக்குக் கிடையாது. திரையில் எது தெரிந்தாலும் அது அடையாளம் காண முயலும்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடப்பது, நமக்கென்ன என்று இருக்க முடியாது. 2025 செப்டம்பரில் பெரிய டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28ல் இருந்து 18 சதவீதமானது. தீபாவளிக்குக் கோவில்பட்டிக் கடைகளில் விற்பது பெரும்பாலும் ஸ்மார்ட் டிவிதான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நல்ல திட்டம், பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் அது வேண்டும். ஆனால் அந்தக் கம்பி வீட்டுக்குள் வரும் நாளில், வாய் இல்லாத பெட்டியின் காலம் முடிந்துவிடும்.

ரிமோட் சொல்லும் ரகசியம்

நான் என்ன பார்க்கிறேன் என்று தெரிந்தால் தெரியட்டுமே, அதில் என்ன ஒளிக்க இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வேறு மாநிலத்தில் இப்படிக் கேட்டால்கூட ஒரு நியாயம் இருக்கலாம். தமிழ்நாட்டில் இல்லை.

நம் ஊரில் சேனல் என்பது கட்சி. 1999ல் ஜெயா டிவி, 2006ல் மக்கள் டிவி, 2007ல் கலைஞர் டிவி, 2010ல் கேப்டன் டிவி என்று ஒவ்வொரு அரசியல் முகாமும் தனக்கென ஒரு சேனல் வைத்துக்கொண்ட மாநிலம் இது. இரவுச் செய்தியை ஒரு வீடு எந்தச் சேனலில் பார்க்கிறது என்று ஆறு மாதம் குறித்து வைத்தால், அந்த வீட்டு ஓட்டு எங்கே விழும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஓட்டுச்சாவடியில் மறைப்புக் கட்டி ஓட்டுப் போட வைக்கிறோம். அந்த மறைப்புக்குப் பின்னால் நடப்பதை ரிமோட் முன்கூட்டியே சொல்லிவிடும் என்றால் மறைப்பு எதற்கு?

காலையில் எந்தப் பக்திச் சேனல் ஓடுகிறது என்பதிலிருந்து மதம் தெரியும். டிவி எந்நேரம் ஓடுகிறது, எந்நேரம் ஓடவில்லை என்பதிலிருந்து வீட்டில் எப்போது ஆள் இல்லை என்று தெரியும். களை எடுக்கும் மாதத்தில் விடியற்காலையிலேயே கதவைப் பூட்டிக் காட்டுக்குப் போகும் ஊர்களில் அது சாதாரணத் தகவல் ஆகாது. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் மருந்து சொல்லும் நிகழ்ச்சியை விடாமல் பார்க்கும் வீட்டுக்கு, கொஞ்ச நாளில் அதே நோய்க்கு மருந்து விற்கும் போன் வரத் தொடங்கும்.

எந்த வீடு எதைப் பார்க்கிறது என்ற தகவலுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதற்கு ஆதாரம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2020 அக்டோபரில் மும்பைப் போலீஸ் தொடுத்த டிஆர்பி வழக்கு நினைவிருக்கும். பார்வையாளர் கணக்கெடுக்கும் பார்க் அமைப்பின் கருவி பொருத்திய வீடுகள் எவை என்பது ரகசியம். அந்த வீடுகளின் விவரம் வெளியே போய், சில சேனல்களை ஓடவிடச் சொல்லி வீட்டாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018ல், டிஷ் பெட்டிகளிலேயே பார்வைக் கணக்கு எடுக்கும் சிப் வைக்கலாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்தது. அந்தரங்கம் என்ன ஆகும் என்று கடும் எதிர்ப்பு வந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கென்று தனிக் கவலை ஒன்று இருக்கிறது. இங்கே கேபிள் நடத்துவதில் அரசும் ஒரு முதலாளி. அரசு கேபிள் நிறுவனமேதான் இ-சேவை மையங்களையும் ஆதார் பதிவு மையங்களையும் நடத்துகிறது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கேட்டு நாம் போய் நிற்கும் இடமும், நம் வீட்டு டிவியின் பேக்கை அறிந்த இடமும் ஒரே நிறுவனம். இந்தக் கணக்குகளை யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததாக நான் சொல்லவில்லை. சேர்க்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு சுவர் வேண்டும் என்கிறேன். ஆட்சிகள் மாறும். பட்டியல் அங்கேயே இருக்கும்.

வாசலில் வந்து நிற்கும் கேள்வி

பிரிட்டனில் இன்னும் டிவி லைசென்ஸ் இருக்கிறது. 2025-26ல் அது வருடத்துக்கு 174.50 பவுண்டு. பிபிசி நடப்பது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான். கட்டாதவர்கள் மீது குற்ற வழக்கு வரும். நாட்டில் உள்ள முகவரிகளையெல்லாம் பட்டியல் வைத்து, லைசென்ஸ் இல்லாத வீட்டுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்புகிறார்கள். டிவியே இல்லாத வீட்டுக்கும் வரும் என்பது அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். அங்கே வழக்கில் சிக்குபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். காரணங்களில் ஒன்று எளிது: ஆய்வாளர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் பெண்.

ஜெர்மனி 2013ல் டிவி இருக்கிறதா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கியது. இப்போது மாதம் 18.36 யூரோ. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வேலை இதனால் குறைந்தது. ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார் என்ற அரசுப் பதிவேட்டு விவரம் வசூல் அலுவலகத்துக்குப் போகிறது என்று அங்கே புதிய முணுமுணுப்பு கிளம்பியது. எந்த நாட்டிலும் கட்டணம் வசூலிக்கக் கிளம்பியவர் வீட்டு விவரத்தையும் தொட்டுவிடுகிறார்.

நம் ஊர் வாசலுக்கு வருவோம். கேபிள் பணமென்று வருபவர், பெட்டி மாற்ற வேண்டும், செல்பேசி எண் சொல்லுங்கள் என்கிறார். வீட்டில் இருப்பது மகளோ மருமகளோதான். எண்ணைச் சொல்லுகிறார்கள். ஓடிபி வரும், அதையும் சொல்லுங்கள் என்கிறார். சொல்லுகிறார்கள். வந்தவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் நோட்டில் எழுதிய எண் எத்தனை பேர் கண்ணில் படும்? 2017ல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் செல்பேசி எண்கள் காசுக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வெளியாகி நாடே பேசியது. வேற்று ஆளிடமிருந்து ஒரு போன் வந்தால், போன் செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணின் கையிலிருக்கும் செல்லைப் பிடுங்கும் வீடுகள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. எண் கசிவதற்கு ஒரு பெண் கொடுக்கும் விலை படிப்பாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம்.

ஓடிபி இன்னும் மோசம். "உங்க கேபிள் கட் ஆகப்போகுது, இந்த நம்பரைச் சொல்லுங்க" என்று போனில் கேட்பவனுக்கும், வாசலில் நிற்கும் கேபிள் பையனுக்கும் வித்தியாசம் தெரியாதபடி நாமே முதியவர்களைப் பழக்கிவிட்டோம். கேட்டால் சொல்ல வேண்டியது ஓடிபி என்றாகிவிட்டது. முதியோர் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பதும் அதே செல்பேசி எண்தான்.

சட்டம் எதைத் தருகிறது, எதை விடுகிறது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடகத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. அதையடுத்து 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க வழி செய்த பிரிவை ரத்து செய்தது. அப்படியானால் கேபிள் இணைப்புக்கு ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ முகவரிக்குப் போதும்.

2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்லவை இருக்கின்றன. என்ன விவரம், எதற்காக என்று முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். தேவை முடிந்த விவரத்தை அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பழக்கத்தைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஆனால் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்துத்தான் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வரும். அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசுக்குத் தாராளமான அதிகாரம் இருக்கிறது. புகார்களை விசாரிக்கும் வாரியம் இணைய வழியில்தான் இயங்கும். அற்பமான புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மாதக் கேபிள் பில்லுக்கே தடுமாறும் குடும்பம் இதைக் கேட்டபிறகு புகார் கொடுக்குமா?

இன்னொரு ஓட்டை, கிராமத்துக்கென்றே வைத்தது போல இருக்கிறது. இந்தச் சட்டம் கணினியில் ஏறிய விவரத்துக்குத்தான் பொருந்தும். காகிதத்திலேயே கிடக்கும் விவரத்தை அது தொடாது. கேபிள்காரர் மேசையில் கட்டாகக் கிடக்கும் ஆதார் ஜெராக்ஸ், வசூல் நோட்டில் பேனாவால் எழுதிய பெண்களின் செல்பேசி எண் எல்லாம் சட்டத்துக்கு வெளியே. நகரத்தில் ஆப் வழியாகக் கொடுத்த விவரத்துக்கு ஒரு காவல் உண்டு. இளையரசனேந்தலில் காகிதத்தில் கொடுத்ததற்கு அந்தக் காவல் இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது?

இளையரசனேந்தல்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த அவர்களுடைய குறுவட்டம் 2008ல் கோவில்பட்டி தாலுகாவுக்கு மாற்றப்பட்டபோது, ஊராட்சிகள் குருவிகுளம் ஒன்றியத்தோடு நின்றுபோயின. 2019ல் தென்காசி தனி மாவட்டம் ஆனபின், வருவாய்த் துறைக்குத் தூத்துக்குடி, ஊராட்சிக்குத் தென்காசி என்று இரண்டு மாவட்டத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. அதை மாற்றச் சொல்லி நடந்த போராட்டங்கள் இந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் அறிந்தவை.

கேபிள் விவகாரத்தில் இந்த அலைச்சல் எல்லா ஊருக்கும் பொது. விலைக்கு ட்ராய். கேபிள் சட்டத்தை மீறினால் நடவடிக்கை எடுக்க மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்றோர். கேபிள்காரரின் பதிவு முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில். விவரம் கசிந்தால் தரவு வாரியம். பணம் பறிபோனால் சைபர் கிரைம். ஒரே பெட்டிக்கு ஐந்து வாசல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில்.

செய்யக்கூடியவை

முதலில் ரசீது. ஒவ்வொரு மாதமும் அடிப்படைக் கட்டணம் இவ்வளவு, சேனல்களுக்கு இவ்வளவு, வரி இவ்வளவு என்று தமிழில் பிரித்துக் காட்டும் சீட்டோ குறுஞ்செய்தியோ எல்லா இணைப்புக்கும் வர வேண்டும். ட்ராய் இதைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்த வேண்டும். வேண்டாத சேனலைக் கழற்ற ஒரு போன் போதும் என்றிருக்க வேண்டும். உச்சவரம்பை எடுத்துவிட்டதால் கிராமங்களில் போட்டி வந்து விலை குறைந்ததா, ஒரே கேபிள்காரர் இருக்கும் ஊரில் ஏறியதா என்று ட்ராய் ஊர் வாரியாக ஆராய்ந்து வெளியிட வேண்டும். ஏறியிருந்தால், இரண்டாவது வழியில்லாத ஊர்களுக்காவது வரம்பை மறுபடி வைக்கலாம்.

தமிழ்நாடு அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அரசு கேபிள் வாடிக்கையாளரின் விவரமும் இ-சேவை, ஆதார் மைய விவரங்களும் எந்தக் காலத்திலும் ஒன்றோடொன்று சேர்க்கப்படாது என்று ஓர் அரசாணை போடலாம். எந்தக் குடும்பம் எந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்தது என்ற பட்டியலை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எந்தத் துறைக்கும் கட்சிக்கும் தரக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். இணைப்பை விட்டவரின் விவரத்தை ஒரு வருடத்துக்குள் அழிக்கவும் விதி வேண்டும். இணையப் பெட்டிகள் கொடுக்கும் காலத்தில், பார்வைக் கணக்கு எடுக்கும் வசதி மூடியபடியே வீட்டுக்கு வர வேண்டும். வேண்டுமென்பவர் திறந்துகொள்ளட்டும்.

கட்டணமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்கனவே ஒரு வழி இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004ல் தொடங்கியது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவழித்தால் போதும், மாதக் கட்டணம் இல்லை. யார் பார்க்கிறார் என்று அதற்குத் தெரியவும் தெரியாது. ஆனால் இந்தி பேசும் மாநிலங்களுக்குக் கிடைப்பது போல அதில் தமிழ்ச் சேனல்கள் இல்லை. 2024 ஜனவரியில் பொதிகைக்கு டிடி தமிழ் என்று பெயர் மாற்றினார்கள். அதோடு நிற்காமல் நாலைந்து நல்ல தமிழ்ச் சேனல்களை இலவச டிஷ்ஷில் சேர்க்கும்படி தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கேட்க வேண்டும். ஏழை வீட்டின் பணத்தையும் அந்தரங்கத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி வேறு எதுவும் இப்போது கண்ணில் படவில்லை.

வீட்டில் நாமே செய்துகொள்ளக் கூடியவையும் உண்டு. ஆதார் கேட்டால் வேறு அட்டை கொடுங்கள். ஆதாரேதான் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை எடுத்து, ஜெராக்ஸின் மேலே "கேபிள் இணைப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். பெண்பிள்ளைகளின் எண்ணைக் கொடுக்காமல், வங்கிக் கணக்கோடு சேராத ஒரு எண்ணைக் கொடுங்கள். ஸ்மார்ட் டிவி வாங்கியவர்கள் செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள் போய், பார்ப்பதைக் கணக்கெடுக்கவும் அதை வைத்து விளம்பரம் காட்டவும் கொடுத்த அனுமதிகளை அணைத்துவிடுங்கள். ஊரில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை. பில் தகராறுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஓடிபி கொடுத்துப் பணம் போய்விட்டால் உடனே 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

ஊராட்சிக்கும் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. தண்ணீரும் ரோடும் பேசியபிறகு இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஊரில் கேபிள் நடத்துபவரை அழைத்து, பேக் விலைகளையும் புகார் எண்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லலாம். அவரிடம் இருக்கும் பழைய ஆதார் ஜெராக்ஸ் கட்டுகளை அந்தந்த வீட்டாரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். சட்டம் காகிதத்தைத் தொடாவிட்டாலும் கிராம சபை தொடலாம். அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊராட்சித் தலைவரிடம் இதை எழுதிக் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.